நாக்கு உன் சொல் கேட்கும்!

நேர்முகத் தேர்வு என்றதும் உன் ஆங்கில உச்சரிப்பை நினைத்துக் கூசுகிறாயா? விடு அந்தக் கூச்சத்தை! கான்வென்ட்டில் படித்தவனுக்கு மட்டும் நல்ல உச்சரிப்பு வாய்க்கும் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. உயிரொலி என்பது பெரும்பாலும் நாக்கு நிற்கும் இடம், கூடவே உதட்டின் வடிவம். இரண்டும் உன் வாயில்தான் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் உயிரெழுத்து 5. உயிரொலிகளோ, பிரிட்டிஷ் பொது உச்சரிப்பில் ஏறக்குறைய 20. எழுத்தைப் பார்த்து ஒலியைப் பிடிக்க முடியாது. அதனால்தான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் டேனியல் ஜோன்ஸ் 1917இல் ஓர் உச்சரிப்பு அகராதியே வெளியிட்டார். உயிரொலிகளை அளக்க அவர் வகுத்த நாற்கரப் படம் இன்றும் உலகெங்கும் பாடம். படத்தின் இடப்பக்கம் பல், வலப்பக்கம் தொண்டை. மேலே போனால் நாக்கு அண்ணத்தை நெருங்கும்; கீழே வந்தால் தாடை இறங்கும்.

'ஈ' சொல்லிப் பார். நாக்கு முன்னால் மேலெழுகிறது. 'ஊ' சொல். பின்னால் எழுகிறது, உதடு குவிகிறது. 'ஆ' சொல். தாழ்ந்துவிட்டது. படத்தின் மூன்று எல்லைகள் தாய்மொழியிலேயே உன் கைக்கு வந்துவிட்டன! பன்னிரண்டு உயிரையும் வாய் திறப்பு, நா விளிம்பு, இதழ் குவிவு என்று தொல்காப்பியப் பிறப்பியல் பிரித்துவைத்த மரபில் வந்தவன் நீ. உனக்கா வராது?

பந்தயத்துக்கான 'பெட்', கிரிக்கெட் மட்டையான 'பேட்': இரண்டும் ஒன்றாக ஒலிக்கின்றனவா? 'எ' என்று தொடங்கு. நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடியே இருக்கட்டும். நாக்கைப் பின்னுக்கு இழுக்காமல் தாடையை மட்டும் இறக்கு. எகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே ஒரு புது ஒலி பிறக்கும். மட்டையின் உயிர் அதுதான். 'ஹால்' சொல்லும்போது ஆகாரத்திலேயே நின்றுவிடாதே. நாக்கைப் பின்னிழுத்து உதட்டைக் குவி.

ஆங்கிலத்தில் மிக அதிகம் வரும் உயிரொலி நாற்கரத்தின் நட்டநடுவில் இருக்கிறது. 'சோபா'வின் கடைசி ஒலி அது. பெரும்பாலும் ஒவ்வோர் உயிருக்கும் முழு மாத்திரை கொடுத்துப் பழகிய நாம் அதையும் அழுத்தி நீட்டுகிறோம். அழுத்தாதே. நாக்கைத் தளர்த்து, சிறு அகரமாக உதிர்த்துவிடு.

இன்றைக்கே கண்ணாடி முன் நில். பெட், பேட், பெட், பேட். தாடை இறங்குவது கண்ணுக்குத் தெரியும்வரை சொல். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்!