உத்தச்ச குக்குச்சம்: மனத்தின் அடிமைத்தனம்



பகவன் புத்தர் கூறியருளிய 5 நீவரணங்களுள் நான்காவது உத்தச்ச குக்குச்சம். இப்பாலித் தொடரை நம்மவர் 'மனச் சஞ்சலம்' என்று ஒரே சொல்லால் சொல்லிச் செல்வர். ஆயினும் இதனுள் இரு நோய்கள் உள. உத்தச்சம் என்பது நிலைகொள்ளாமை. கல்லெறிபட்ட சாம்பற் குவியல்போல் மனம் மேலெழுந்து பறப்பது. குக்குச்சம் என்பது செய்த தீமையையும் செய்யத் தவறிய நன்மையையும் எண்ணியெண்ணி உள்ளம் அரிக்கப்படுவது. முன்னது அலைவு, பின்னது உறுத்தல்.

காற்றால் திரையெழும் பாத்திர நீரில் முகம் தெரியாது. அவ்வாறே இந்நீவரணம் சூழ்ந்த மனத்துக்குத் தன்னலமும் பிறர்நலமும் தெரியா என்று சங்காரவர் என்னும் பிராமணருக்குப் பகவன் போதித்தார். தந்தையைக் கொன்ற அஜாதசத்துரு மன்னனுக்கு உபதேசித்த சாமஞ்ஞபல சூத்திரத்திலோ, இதனை அடிமைத்தனத்துக்கு ஒப்பிட்டார். உரையாசிரியர் புத்தகோசர் அதனை விளக்குகிறார்: திருவிழாக் காணச் சென்ற அடிமையை அவசர வேலையென்று அச்சுறுத்தி ஏவுகின்றனர், அவனோ விழாவின் முதலும் நடுவும் முடிவும் காணாது ஓடுகிறான்.

இவ்வுவமையின் பொருளை யாம் ஆலையில் கற்றோம். விடுமுறை நாளில் பவுர்ணமித் தியானத்தில் அமர்ந்திருக்கையிலும் ஊதாத சங்கு எம் செவியில் ஊதும். உடல் எழப் பார்க்கும்.

அதனினும் கொடிய சங்கொன்று எம்முள் ஊதிற்று. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் திதி செய்யேன், பிண்டம் இடேன் என்பதும் ஒன்றன்றோ? அவ்வுறுதியை ஏற்ற யாம், எம் அன்னையார் காலமானபோது திதி கொடுத்தோமில்லை. "பெற்றவளைத் தாகத்தோடு அலைய விட்டாயே!" என்றனர் உறவினர். பல மாதங்கள் உறக்கம் கொண்டோமில்லை.

ஓர் இரவு பஞ்சசீலத்தை அளவுகோலாகக் கொண்டு எம்மை அளந்து பார்த்தோம். திதி கொடாமையால் எச்சீலம் முறிந்தது? ஒன்றும் இல்லை. அவ்வுறுத்தல் பழைய எசமானின் கூவலேயன்றி வேறன்று. ஆனால் அளக்கையில் மற்றொன்று வெளிப்பட்டது. வேலைநிறுத்தக் காலத்தில், கூலியற்ற ஒரு மாலைப்பொழுதில், பசித்திருந்த அன்னையாரைக் கடுஞ்சொல்லால் சுட்டிருந்தோம். கடுஞ்சொல் 10 அகுசல வினைகளுள் ஒன்று. அதுவே எம் குற்றம். பொய்யான குற்றவுணர்வு மெய்யான குற்றத்தை மறைத்து நின்றது!

இதற்கு மருந்து யாது? அசிபந்தகன் மகனாகிய ஊர்த்தலைவனுக்குப் பகவன் உரைத்ததே மருந்து. வருந்துவதால் செய்த தீவினை செய்யாததாகிவிடாது. ஆகலின் அதனை விட்டொழித்து, இனிச் செய்யாதிருந்து, எல்லாத் திசைகளிலும் மைத்திரியைப் பரப்புக என்பதே அதன் கருத்து. அன்றுமுதல் இல்லத்தில் இன்சொல் பேசப் பழகி வருகிறோம். அன்னையாரின் நினைவு நாளில் பசித்தோர்க்கு அன்னமிட்டு அப்புண்ணியத்தை அவருக்கு அர்ப்பணிக்கிறோம். சங்கின் ஒலி தணிந்தது.

அன்பர்களே! உள்ளம் உறுத்தும்போது இரண்டில் எதுவென்று வினவுங்கள். பழைய எசமானின் கூவலாயின் எழுந்து ஓடாதீர்கள். செய்த தீமையாயின் ஒப்புக்கொண்டு திருந்துங்கள். வெளித்தளையை அறுத்த நாம் உட்தளையையும் அறுப்போமாக!

சகல உயிர்களும் இன்புற்றிருக்க! சாது! சாது! சாது!