கோபித்துக்கொண்டு போன அம்மனை அழைக்கப் போகிறவர்கள்

மாசி மகத்துக்கு முந்தின நாளே மாமல்லபுரம் கடற்கரையில் மூட்டை முடிச்சுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களிலிருந்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் அரிசி, விறகு, பாத்திரம், இடுப்பில் கைக்குழந்தை என்று வீட்டையே பெயர்த்துக்கொண்டு வருகின்றன. மணலில் நாலு கழியை ஊன்றி மேலே பழைய புடவையை இழுத்துக் கட்டினால் இரவுக்கான வீடு தயார். மூன்று கல் வைத்தால் அடுப்பு. பெரியவர்கள் கழி நட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் அலையில் நனைந்துவிடுகிறார்கள்.

சாமி கும்பிட வந்தவர்கள் முதல் நாளை இப்படி ஆட்டத்திலும் சமையலிலும் பேச்சிலும் கழிக்கலாமா? இது வழிபாடா, குடும்பத்தோடு வந்த கடற்கரை விடுமுறையா? பார்க்க வருகிற வெளியூர்க்காரர் மனத்தில் எழக்கூடிய இந்தக் கேள்வி, பக்தியைப் பற்றிய பழைய கேள்விதான். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டால்தான் கடவுள் ஏற்பாரா?

இருளரின் தெய்வம் கன்னியம்மன். அவள் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், சமாதானம் சொல்லி அழைத்துவரத்தான் வருகிறோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பதில் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மருமகளை அழைக்க நம் ஊரில் எப்படிப் போவார்கள்? ஒற்றை ஆளாக, கையைக் கட்டிக்கொண்டா? பெரியவர்கள் போவார்கள். பூவும் பழமும் போகும். அவள் தூக்கி வளர்த்த பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போவார்கள். குழந்தையின் சிரிப்பைக் கேட்டால் கோபம் பாதி இறங்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப் பார்த்தால் முதல் நாள் அலையில் கும்மாளமிடும் பிள்ளைகள் பூசைக்கு முன்பே பூசையைத் தொடங்கிவிட்டவர்கள்.

வழிபாடு வேறு, விளையாட்டு வேறு என்ற பிரிவினை தமிழ் மொழிக்கும் பழக்கமில்லை. நீராடல், தீர்த்தமாடல், கடலாடல். புனித முழுக்குக்கும் விளையாட்டுக்கும் கூத்துக்கும் ஒரே வினைச்சொல்: ஆடு. சங்கப் பாட்டான பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மீனவர்களான பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கப் போகாமல் தங்குகிறார்கள். சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபடுகிறார்கள். உண்டு, கள் குடித்து, நண்டை ஓட்டி, மணலில் பாவை செய்து, அலையை மிதித்து விளையாடுகிறார்கள். தீவினை நீங்கக் கடலில் குளித்து, உப்புப் போக நல்ல தண்ணீரிலும் குளிக்கிறார்கள். அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறார். எது பக்தி, எது பொழுதுபோக்கு என்று கோடு கிழிக்கவில்லை.

7ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் பாடிய திருஞானசம்பந்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் குடத்தில் இருக்கின்றன. அவளிடம் அவர் தத்துவம் பேசவில்லை. ஊரின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலா போவாய் என்று கேட்கிறார். அந்த வரிசையில் மாசிக் கடலாட்டும் இருக்கிறது. போய்விட்ட பெண்ணைத் திரும்ப அழைக்கச் சம்பந்தருக்கும் கொண்டாட்டமே கைகொடுத்தது. வேதாந்தமும் இதற்கு எதிரி இல்லை. பிரம்மத்துக்கு அடைய வேண்டியது ஒன்றுமில்லாதபோது உலகை ஏன் படைத்தது என்ற கேள்விக்கு, அது லீலை என்றுதான் பிரம்மசூத்திரம் விடை சொல்கிறது. சிவனின் செயல்களுக்கு மதுரை வைத்த பெயர் திருவிளையாடல். விளையாட்டு இறைவனுக்குப் பொருந்தும் என்றால் அவன் பிள்ளைகளுக்கு எப்படிக் குற்றமாகும்?

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடலை நினைத்த நாளில் தொடக்கூடாது, அமாவாசை, பௌர்ணமி போன்ற நாட்களில் மட்டுமே கடல் நீராட வேண்டும், ராமேஸ்வரத்துச் சேதுவுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று மரபு விதி வகுத்திருக்கிறது. அதை வெறும் ஆசாரம் என்று தள்ளிவிட முடியாது. கடல் கொடுக்கும், எடுக்கவும் செய்யும். 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமியின்போது, இந்தக் கரை முழுவதும் அதைக் கண்டது. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போனவள் என்று அம்மனைச் சொல்கிறவர்கள் அந்தக் கோபத்தை அறிந்தேதான் பக்கத்தில் வந்து படுக்கிறார்கள். பயத்தை மறந்த ஆட்டமாக இருந்தால் அதை உல்லாசம் என்று ஒதுக்கலாம். இங்கே பயமும் உரிமையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கின்றன.

ஓய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன் பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர், வேலையை விட்டுப் பெண்டு பிள்ளைகளோடு மணலில் உட்காரும் ஒரு நாள் அவர் கொடுக்கும் காணிக்கை. உண்டியலில் விழும் பணத்தைவிட அதன் கனம் அதிகம்.

இதே மாமல்லபுரத்தில் இன்னொரு கதை உண்டு. பெருமாளைக் காணக் கடலையே இறைத்துவிடத் துணிந்தார் புண்டரீக முனிவர். இறைத்துக்கொண்டிருந்தவர் முன் பெருமாள் முதியவராக வந்து, பசிக்கிறது என்று சோறு கேட்டார். முனிவர் உணவோடு திரும்பியபோது பெருமாள் தரையிலேயே பள்ளிகொண்டிருந்தாராம். ஸ்தலசயனப் பெருமாள் கோயிலின் தலவரலாறு அது. கடலை வற்றவைக்கும் தவத்துக்கு நடுவில் பெருமாள் கேட்டது ஒரு வேளைச் சோறு.

இரவு நிலா ஏறுகிறது. விடியற்காலையில் மணலைக் குவித்துப் படிகள் கட்டுவார்கள், பூவும் விளக்கும் வைப்பார்கள். பூசாரிமேல் அம்மன் வந்து குறி சொல்வாள். கல்யாணங்கள் நடக்கும், அடுத்த கல்யாணங்களுக்கான பேச்சும் நடக்கும். அந்தக் காலையைப் படமெடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். வருகிறவர்கள் முந்தின நாள் மாலையே வரட்டும், அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பேசட்டும். கேமராவைத் தூக்குவதற்கு முன், எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணை அழைத்துப் போக வந்திருக்கிறார்கள்.