புள்ளிப் பலகையும் செக்ரோலும்

சிறுவர்கள் கூடும் இடமெல்லாம் இப்போது ஒரு புள்ளிப் பலகை தொங்குகிறது. பாடசாலை, அஹதிய்யா, விடுமுறைப் பாசறை, தோட்டத்துச் சிறுவர் கழகம், நோன்பு காலத்துப் போட்டி நிகழ்ச்சி என எதுவாக இருந்தாலும் சரி, பிரிஸ்டல் அட்டையில் கட்டம் போட்டு, இடப்பக்கம் பெயர்களையும் மேலே நாட்களையும் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற நிம்மதி நமக்கு வந்துவிடுகிறது. நேரத்துக்கு வந்தால் ஐந்து, அமைதியாக இருந்தால் ஐந்து, குப்பை பொறுக்கினால் இரண்டு, சத்தம் போட்டால் மைனஸ் மூன்று. பிள்ளைகளின் நடத்தையை இப்படிக் கூட்டிக் கழிப்பது சரியா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், "அப்படியென்றால் பிரம்பை எடுக்கவா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில் ஒரே மண்டபத்தில் இரண்டு தரங்களை வைத்துச் சமாளிக்கும் ஆசிரியருக்குப் பிரம்பு போன இடத்தில் வேறொன்று தேவைப்பட்டது. புள்ளி வந்தது. அடியைவிட அது எவ்வளவோ மேல் என்பதை ஒத்துக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்புமல்ல. 1789இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மவர் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் வளர்த்தெடுத்து, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே ஆசிரியரைக் கொண்டு நடத்திக் காட்டினார். நல்ல நடத்தைக்கு அவர் சீட்டுக் கொடுத்தார். சீட்டுகளைச் சேர்த்தால் விளையாட்டுப் பொருள் கிடைக்கும். பட்டமும் பந்தும் பிள்ளைகளின் கண்ணில் படும்படி மேலே தொங்கின. குறும்பு செய்த பிள்ளையும் சில வேளை கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடப்பட்டான். பரிசும் தண்டனையும் ஒரே கூரையில் தொங்கின என்பது எனக்கு மறக்க முடியாத செய்தி. 1840இல் நோர்போக் தீவின் சிறைக்கூடத்துக்கு அலெக்சாண்டர் மக்கனோக்கி கொண்டுபோனதும் புள்ளி முறைதான். கைதி புள்ளி சேர்த்து விடுதலையை நெருங்கலாம். சாட்டையோடு ஒப்பிட்டால் அது பெரிய கருணை. ஆனாலும் ஆள் குறைவாகவும் அடக்க வேண்டியவர் அதிகமாகவும் உள்ள இடங்களில்தான் புள்ளி முளைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம் போட்ட தாள் பழகிய ஒன்று. அவர்களின் பாட்டன் காலத்திலிருந்து செக்ரோலில்தான் வாழ்க்கை. நிறுவை குறைந்தால் அரைப் பேர். கொழுந்துக்கும் இறப்பர் பாலுக்கும் ஒரு 'நோர்ம்'. அதற்கும் முன்னால், தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' என்ற கடதாசி அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்சம்பளம் 620 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 450. வரவுக்கான ஊக்குவிப்பு மட்டும் 140. தோட்டம் வேலை வழங்கிய நாட்களில் 75 சதவீதத்துக்கு வந்தால்தான் அந்த 140 கைக்கு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், தாய்க்கு வைத்தியசாலை என்று நாட்கள் போனால் வந்த நாட்களுக்குரியதும் போய்விடும். 2016இல் அந்த ஊக்குவிப்பு 60 ஆகக் குறைந்து, பறிக்கும் அளவுக்கென்று வேறொரு 140 சேர்ந்தது. 2019 ஒப்பந்தத்தில் இரண்டும் எடுபட்டு அடிப்படை 700 ஆனது. வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கத் தெரியாத கணக்கு அது. கேட்பதற்கு அதில் கட்டமே இல்லை.

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் தொண்டு நிறுவனமொன்று நடத்திய மூன்று நாள் விடுமுறை நிகழ்ச்சிக்கு உதவிக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் நான்கு குழுக்கள். புள்ளி குழுவுக்கு. பத்து வயதுப் பிள்ளையொருத்தி முதல் நாள் அரை மணி பிந்தி வந்தாள். தாய் விடியுமுன் பால் வெட்டப் போய்விடுவாள். பிள்ளைக்காம்பரா திறந்த பிறகு தம்பியைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் இவள் வர முடியும். குழுவுக்கு மைனஸ் ஐந்து. இரண்டாம் நாளும் அப்படியே. அன்று பின்னேரம் குழுவிலிருந்த பிள்ளைகளே அவளிடம், "நாளைக்கு நீ வராத, ஒன்னால நமக்கு மைனஸ்" என்றார்கள். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. அந்தக் குழு நேரந்தவறாமைக்கு முழுப் புள்ளி பெற்றது. பேரனைக் கூட்டிப்போக வந்திருந்த மூதாட்டி பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நம்ம செக்ரோல் மாதிரியில்ல இருக்கு சேர்" என்றார்.

அந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பலகை கேட்ட கணக்கைச் சரியாகச் செய்தார்கள், அவ்வளவுதான். புள்ளி ஒழுக்கத்தை வளர்க்கிறதா என்று நாம் கேட்கிறோம். எந்த ஒழுக்கத்தை என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். தம்பியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியவளின் ஒழுக்கத்துக்கு அந்த அட்டையில் இடமிருக்கவில்லை.

இதை மௌலவி நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் மடக்கினார்: "அல்லாஹ்வே நன்மை தீமைகளை எழுதி வைத்து நிறுத்துப் பார்க்கிறான். சுவர்க்கம் என்று ஆசை காட்டுகிறான். நீங்கள் புள்ளியைக் குறை சொல்கிறீர்களே?"

கனமான கேள்விதான். சில நாட்கள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவேட்டின் விதிகளைச் சற்றுப் பாருங்கள். நன்மை செய்ய நினைத்து முடியாமல் போனவனுக்கும் ஒரு நன்மை. செய்தவனுக்குப் பத்திலிருந்து எழுநூறு வரை. தீமையை நினைத்துப் பின் கைவிட்டவனுக்கு அதுவும் நன்மை. செய்துவிட்டால் ஒன்று மட்டும். தவ்பா செய்தால் தீமையே நன்மையாக மாற்றப்படும். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஏடு சுவரில் தொங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படிக்க முடியாது. நிய்யத்தை அறிந்தவன் வைத்திருக்கும் கணக்கை, வரவு நேரம் மட்டும் தெரிந்த நாம் வைத்திருக்கும் கணக்கோடு எப்படி ஒப்பிடுவது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொல்லியிருப்பது இரண்டு பக்கத்தாருக்கும் பாடம். பிள்ளையிடம் நல்ல செயலொன்று வெளிப்பட்டால் அதைக் கண்ணியப்படுத்தி, மகிழும்படி ஏதாவது கொடுத்து, பிறர் முன்னிலையில் பாராட்டச் சொல்கிறார். ஆகவே பரிசு கூடாதென்று நான் வாதாட முடியாது. தவறு எப்போதாவது நேர்ந்தால் கண்டும் காணாமல் விடச் சொல்கிறார், திரையைக் கிழிக்கக் கூடாது என்கிறார். திரும்பவும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டுமாம். பாராட்டு சபையில், கண்டிப்பு மறைவில். நமது மைனஸ் கட்டம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது.

வணக்கத்துக்குப் புள்ளி போடுவது இன்னும் சிக்கலானது. துருக்கியிலும் பின்னர் பெங்களூரிலும் 40 நாட்கள் பள்ளிவாசலில் தொழுத சிறுவர்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். செய்தி படித்த பலர் மகிழ்ந்தார்கள். ஒரு ஹதீஸை மனனமிட்டால் ஒரு திர்ஹம் என்று தந்தை ஆசை காட்டியதால்தான் இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) படிக்கத் தொடங்கினார் என்றொரு செய்தியும் கூறப்படுவதுண்டு. காசுக்காகத் தொடங்கியது காசைத் தாண்டிப் போகலாம், மறுக்கவில்லை. ஆனால் 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் இருவரும் செய்த ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னஞ்சிறார்களில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் நட்சத்திரம் பதித்த சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரங்கள் கழித்து அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆசையில்லாதவனைத் தொடங்கி வைக்கப் பரிசு உதவலாம். ஆசையுள்ளவனுக்கு அதைக் கூலியாக்கிவிடுவதில்தான் ஆபத்து. பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் நாற்பது பிள்ளைகளில் யார் எந்த வகை என்று நமக்குத் தெரியாது. இஹ்லாஸ் என்ற சொல்லின் பொருள் புரியுமுன்பே சைக்கிளின் நிறம் தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை அதை எப்போது பிரித்துப் பார்க்கப் பழகும்?

எங்கள் தரம் நான்கில் இப்போது வாசிப்புக்கு மட்டும் ஒரு கணக்கு உண்டு. சுவரில் இல்லை, அவரவர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில். கழித்தல் கிடையாது, குழு கிடையாது, பரிசும் கிடையாது. ஏமாற்ற மாட்டார்களா என்று சக ஆசிரியர் கேட்டார். ஏமாற்றத்தான் செய்கிறார்கள். ஒரு பையன் தொடாத புத்தகத்தின் பெயரை எழுதியிருந்தான். கதையைச் சொல் பார்ப்போம் என்றேன். சற்று முழித்தான். பிறகு களனி கங்கையில் மிதந்து வந்த குட்டி யானையொன்று கித்துல்கல பாலத்தடியில் சிக்கிக்கொண்டதைச் சொல்லத் தொடங்கினான். அந்தப் புத்தகத்தில் யானையே இல்லை. எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். இதுவரை ஏழு பக்கம் வந்திருக்கிறது. யானை இன்னும் கரை ஏறவில்லை.