சோம்பேறி என்று யாரைச் சொல்வது?



"அவள் சோம்பேறி!" எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கேகாலையின் ரப்பர் மலைக்குப் பால்வெட்டப் பிந்திப் போனாலும், இரத்தினபுரித் தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்து அரைப் பேரோடு திரும்பினாலும் கங்காணி சொல்கிறார். வீட்டிலே மாமியாரும் சொல்கிறார். தீர்ப்புக்கு முன் அவளுடைய குடலைச் சற்று விசாரிப்போமா? சிரிக்க வேண்டாம்.

உண்டதெல்லாம் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. இரைப்பையில் கரைந்த உணவு சிறுகுடலுக்கு இறங்குகிறது. ஏறக்குறைய 20 அடி நீளமான அக்குழாயின் உட்சுவரில், வெல்வெட்டுத் துணியின் மயிரைப் போல, நுண்ணிய விரல்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் வழியாகவே சத்துக்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்திலேயே உறிஞ்சப்படுகிறது. அங்கே தவறினால் அநேகமாகப் போனதுதான். இரும்பு குறைந்தால் இரத்தம் பிராணவாயுவைப் போதிய அளவு சுமக்காது. மேடு ஏற மூச்சு வாங்கும். பத்து மணிக்கே கை தளரும்.

இனி லயத்துச் சாப்பாட்டைப் பாருங்கள். ரொட்டி, சம்பல், கூடவே சுடச்சுடச் சாயத் தேத்தண்ணீர். தேயிலையின் துவர்ப்புப் பொருள், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டோடு குடித்தால், சேரவேண்டியதில் பாதிக்கும் அதிகமாக வீணாகலாம். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையையே தேத்தண்ணீரோடு விழுங்குகிற தாய்மாரும் உண்டு! ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சம்பலில் தேசிக்காய் பிழிந்தால், ஒரு கொய்யாப்பழம் தின்றால், இரும்பு நன்றாகச் சேரும்.

ஆனால் இந்தப் புத்திமதியே அவள்மீது இன்னொரு குற்றச்சாட்டாகிவிடக் கூடாது. மீனும் முட்டையும் சம்பளத்தைக் கேட்கின்றன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரணங்கள் பெருகியதற்குத் தேத்தண்ணீரா காரணம்? அதற்கு முன்னரும், கொக்கிப்புழு குடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சிய காலம் இருந்தது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் அப்புழுவை ஒழிக்க முற்பட்டது. அமெரிக்காவின் தென்பகுதியிலே அதற்குச் 'சோம்பல் கிருமி' என்றே பெயரிட்டிருந்தார்கள். அங்கேயும் முதலில் ஏழையைத்தான் ஏசினார்கள்.

ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம்: சோம்பல் ஏழு தலையான பாவங்களில் ஒன்று. பாவத்துக்கு அறிவும் மனச் சம்மதமும் வேண்டும் என்றும் படித்திருக்கிறோம். மனம் மலையேறப் பார்க்கிறது, கால் வர மறுக்கிறது. இதில் சம்மதம் எங்கே?

இன்னொன்று. உடலில் இரும்பின் இருப்புக் குறைந்தால், குடல் அதை முன்னிலும் அதிகமாக உள்ளே எடுக்கிறது. இருப்பு நிறைந்தால் குறைத்துக்கொள்கிறது. தேவைக்கேற்ற பங்கு! நம் வீட்டிலோ முறை தலைகீழ். மாதந்தோறும் இரத்தம் இழப்பவள், பிள்ளை சுமப்பவள், எல்லாரும் எழுந்தபின் சட்டியை வழித்துத் தின்கிறாள். நெத்தலி அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். இதைச் செய்வது தோட்டத் துரையல்ல, நாம்.

அவளுடைய கீழிமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உட்புறம் வெளிறியிருந்தால், நாளைக்கே இரத்தம் சோதிக்க அழைத்துப் போங்கள். அன்றைய பேர் போனாலும் போகட்டும்.