கூட்டைக் கிழிக்காதே, குச்சியை மறுக்காதே!



வண்ணத்துப்பூச்சிக் கதையைக் கேட்காத விசுவாசி நம் சபையில் இருக்க முடியாது. நானே பத்துத் தடவைக்குக் குறையாமல் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன். கூட்டை விட்டு வெளியே வரப் போராடும் பூச்சியைப் பார்த்து ஒருவர் மனமிரங்கி, கத்தரிக்கோலால் கூட்டை வெட்டிவிடுகிறார். பூச்சி சுலபமாய் வெளியே வருகிறது. ஆனால் சாகும்வரை பறக்கவில்லை. அந்தச் சின்னத் துவாரத்தில் நெருக்கப்பட்டால்தான் உடம்பில் உள்ள நீர் சிறகுக்குள் போகுமாம். "ஆகவே உன் போராட்டத்தைக் கர்த்தர்தான் அனுமதித்தார், பொறுத்துக்கொள்" என்று முடிப்பேன். ஜனங்களும் "ஆமென்" சொல்வார்கள்.

இந்தக் கதையைக் குறித்து ஆவியானவர் என்னோடு இடைப்பட்ட விதத்தை இந்த மாதம் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. "எல்லார் வீட்டுப் பிள்ளைங்களும் எங்கயாவது போகுது, நம்ம பிள்ளைங்க மட்டும் கன்வென்ஷனுக்குத்தான் போகுது" என்று மனைவி சொன்னாள். அதில் நியாயம் இருந்தது. ஞாயிறு ஊழியம் முடிந்து, மறுநாள் திங்கட்கிழமை ஓசூரிலிருந்து பன்னேருகட்டா போனோம். (செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை.) பெங்களூருக்குத் தெற்கே ஏறக்குறைய 22 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த உயிரியல் பூங்கா. அதற்குள்ளேயே 7.5 ஏக்கரில், 2006-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. பாலிகார்பனேட் கூரை போட்ட வட்டமான பெரிய கூடாரம். வெளிச்சம் உள்ளே வரும், பூச்சி வெளியே போகாது. உள்ளே செடி கொடிகள், செயற்கை நீர்வீழ்ச்சி, ஈரமான காற்று. நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தால் தோளுக்குப் பக்கத்திலேயே பூச்சிகள் பறக்கின்றன. சின்னவன் மூச்சுவிடாமல் நின்றான்.

தேவன் ஒவ்வொரு பூச்சிக்கும் அதனதன் பந்தியை ஆயத்தம்பண்ணியிருக்கிறார். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் ஒரு வகை வளரும்; எருக்கில் ஒரு வகை, அரளியில் ஒரு வகை. தாய்ப்பூச்சி தன் காலாலேயே இலையை ருசி பார்த்து, தன் குஞ்சு தின்னக்கூடிய செடிதானா என்று அறிந்துதான் முட்டையிடும். எருக்கம்பாலில் உள்ள விஷம் அதைத் தின்று வளரும் புழுவைக் கொல்லாமல், அதற்கே பாதுகாப்பாகிவிடுகிறது. அந்தப் பூச்சியைப் பறவை ஒருதரம் கொத்தினால் மறுபடி தொடாது. கர்த்தருடைய ஞானத்திற்கு ஸ்தோத்திரம்!

அப்போதுதான் என் மகள் ஓர் இலைக்கு அடியில் புதிதாய் வெளிவந்த பூச்சியைக் கண்டாள். காலியான கூட்டைப் பிடித்துத் தலைகீழாய்த் தொங்கியது. சிறகு கசங்கின ஈரத்துணி மாதிரி இருந்தது. அவள் கை நீட்டவும், அங்கே வேலை செய்கிற ஒரு தம்பி ஓடி வந்தார். "தொடாதே பாப்பா. இப்பத்தான் வந்திருக்கு."

அவர் சொன்னது என் பிரசங்கத்தையே புரட்டிப்போட்டது. கூட்டை உடைத்து வெளியே வருவது பெரும்பாலும் சில நிமிஷ வேலைதானாம். உடம்பில் உள்ள நீர் சிறகுக்குள் பாய்வது வெளியே வந்த பிறகுதான். அதற்குப் பூச்சி எதையாவது பிடித்துத் தொங்கியாக வேண்டும். தொங்கினால் சிறகு விரிந்து, மணிக்கணக்கில் காய்ந்து இறுகும். பிடி கிடைக்காமல் தரையில் விழுந்து கிடந்தால், மடங்கின சிறகு மடங்கினபடியே காய்ந்துவிடும். அப்புறம் பறக்கவே பறக்காது.

"கீழே விழுந்துட்டா என்னண்ணா செய்வீங்க?" என்று மகள் கேட்டாள்.

"பக்கத்துல ஒரு குச்சியக் காட்டுவோம் பாப்பா. அதுவே புடிச்சு ஏறிக்கும். சிறகை நாங்க விரிச்சுவிட மாட்டோம். கூடு காயாம, எறும்பு வராம பாத்துக்குவோம். மீதிய அதுதான் செய்யணும்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க கத்தரிக்கோலைப் பத்தித்தானே சொல்லுவீங்க? குச்சியப் பத்திச் சொன்னதே இல்லையே?"

தேவப்பிள்ளைகளே, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் நம் சபைச் சகோதரி ஒருவரின் முகம் என் கண்முன் வந்து நின்றது. (அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்ததும் என்னிடம் வந்தார்கள். கணவர் குடி. மகள் பிளஸ் ஒன் முடித்திருந்தாள், பீஸ் கட்ட வழியில்லை. "பாஸ்டர், நீங்க ஒரு தடவை என்கூட ஸ்கூலுக்கு வந்து ரெண்டு மாசம் டைம் கேட்டீங்கன்னா போதும்" என்றார்கள். பணம் கேட்கவில்லை. நான் வண்ணத்துப்பூச்சிக் கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினேன். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்விட்டாள்.

நான் கத்தரிக்கோலுக்குப் பயந்தேன் என்று சொல்லலாமா? இல்லை. எனக்குச் சோம்பல். அதற்கு ஆவிக்குரிய பெயர் வைத்தேன்.

அதற்காக, யார் எதைக் கேட்டாலும் செய்துவிடுவதுதான் அன்பா? அதுவும் இல்லை. ஒரு சகோதரனுடைய கடனை நான் மூன்று முறை அடைத்தேன். நான்காம் முறை இன்னும் பெரிய கடனோடு வந்தார். அவர் மனந்திரும்ப வேண்டிய இடத்தில் நான் குறுக்கே நின்றிருக்கிறேன். அது கத்தரிக்கோல்தான்.

அப்படியானால் எது குச்சி, எது கத்தரிக்கோல்? கலாத்தியர் 6-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 2-ம் வசனத்தில் பவுல் பிறருடைய பாரத்தைச் சுமக்கச் சொல்கிறார். 5-ம் வசனத்திலோ ஒவ்வொருவனும் தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும் என்கிறார். முரண்பாடா? தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்கத்தில் வேறு வேறு சொல். முன்னது "பாரோஸ்", மனுஷனை நசுக்குகிற பளு. பின்னது "போர்ட்டியோன்", அவனவன் தோளில் எடுத்துப்போகிற சுமை. நசுக்குகிற பளுவுக்குத் தோள் கொடு. அவன் சுமக்க வேண்டிய சுமையைப் பிடுங்கிக்கொள்ளாதே.

லாசருவின் கல்லறையில் நடந்ததும் இதுதான் (யோவான் 11). உயிர் கொடுத்தவர் ஆண்டவர் ஒருவரே. நடந்து வெளியே வந்தவன் லாசரு. ஆனால் கல்லைப் புரட்டவும், பிரேதக் கட்டுகளை அவிழ்க்கவும் ஆண்டவர் சுற்றி நின்றவர்களுக்கே கட்டளையிட்டார். நான்கு நாள் பிரேதத்தை எழுப்பினவருக்கு ஒரு கல்லை நகர்த்த முடியாதா? முடியும். அதை நமக்கென்று விட்டுவைத்தார்.

விசுவாசமும் மனந்திரும்புதலும் தீர்மானமும் அவனவனுடையது. அதில் கை வைத்தால் சிறகு உடையும். ஆனால் கூட நடப்பது, ஒரு வார்த்தை பேசுவது, ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுப்பது, ஒரு வேளைச் சோறு, இதெல்லாம் குச்சி. குளிரில் நிற்கிறவனைச் சமாதானத்தோடே போ என்று வாயால் அனுப்புகிற விசுவாசத்தை யாக்கோபு செத்தது என்கிறார்.

அந்த வாரமே சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "நீங்க ஜெபிச்சதுக்கு நன்றி பாஸ்டர். ஆனா அன்னைக்கு எனக்கு விளக்கம் வேணும்னு இல்ல. கூட ஒரு ஆள் வந்தா போதும்னு இருந்துச்சு."

இழந்த 3 வருஷத்தை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்த மகள் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதத் தீர்மானித்திருக்கிறாள். படிப்பது அவள்தான். விண்ணப்பம் வாங்க நானும் கூடப் போனேன். அவளுக்காக ஜெபியுங்கள்.

பிரியமானவர்களே, எழுப்புதல் வேண்டும் என்று இரவெல்லாம் கேட்கிறோம். எழுப்புதலில் புதுச் சிறகோடு வருகிறவர்கள் பிடித்துத் தொங்க நம் சபையில் இடம் இருக்கிறதா? இந்த வாரம் யாராவது உங்களிடம் வந்து கஷ்டத்தைச் சொன்னால், "ஜெபிக்கிறேன்" என்று சொல்லுங்கள். கூடவே, "நான் எங்கே வரணும்?" என்றும் கேளுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.