மைனர் தலையில் கடன்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ரைன்பெக் என்று ஓர் ஊர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்கப் போன யூதர்களின் பிள்ளைகளுக்காக, 1923 முதல் 1979 வரை அங்கே ஒரு கோடை முகாம் நடந்தது. பாய்பெரிக் என்று பெயர். பெரியவர்கள் பேசிய இத்திஷ் மொழி பிள்ளைகளிடமும் தங்கட்டும் என்று பாட்டு, நாடகம் எல்லாம் வைத்தார்கள். பிள்ளைகள் பாடினார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டதென்னவோ வரவர இங்கிலீஷில்தான்.

அதில் பிள்ளைகள் மேல் என்ன தப்பு? ஊரை விட்டது பெற்றோர். தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் இங்கிலீஷ் இருக்கும் இடத்தில் குடியேறியதும் அவர்கள்தான். மொழியைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் பத்து வயசுப் பொடிசுக்கா? மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லியாச்சு. (பி.காமில் மனப்பாடம் செய்த வழக்கு இதற்காவது உதவுகிறதே!)

'நாளைக்கு வளர்ந்து, ஏன் சொல்லித்தரலைன்னு கேட்டா?' நியாயமான பயம். மைனருக்குக் கடன்தான் கூடாது, தானம் தரலாம். ஆனால் அது வீட்டிலிருந்து வரணும். கோபம், கொஞ்சல், பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் அந்த மொழியில் காதில் விழணும். நியூஜெர்சியில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கும் இதே கணக்குதான். பிள்ளையைத் தமிழ் முகாமில் இறக்கிவிட்டுத் திரும்பும் அப்பாவும் அம்மாவும் காரில் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள்?