கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கா?

1994-ல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு காலைநேர அதிர்ச்சி பழகிப்போன ஒன்று. இரவில் நிமிர்ந்து நின்ற வண்டி, விடிந்து பார்த்தால் நாலு மூலையும் ஒரே அளவாக இறங்கி, தரையோடு தரையாகக் கிடக்கும். இந்த வண்டியில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் காற்றுப்பை. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால் அந்தப் பை ஓட்டை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். சமமாக இறங்கியிருந்தால்? நாலு பையும் போச்சு என்றுதான் யாருக்கும் தோன்றும். நாலுக்கும் ஆர்டர் போடக் கை போகும்.

உண்மையில் ஒழுகுவது ஒன்றே ஒன்றாக இருக்கலாம். இந்த வண்டியின் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர், பூட்டிவிட்டுப் போன பிறகும் முழுதாகத் தூங்குவதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து நாலு மூலையின் உயரத்தையும் பார்க்கும். எது தாழ்ந்திருக்கிறதோ, அந்த மட்டத்துக்கு மற்ற மூன்றிலிருந்தும் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். வண்டி கோணலாக நிற்கக் கூடாது என்பது அதற்கு இடப்பட்ட உத்தரவு. விளைவு, ஒரு பையின் குற்றத்தை மற்ற மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. விவரம் தெரிந்த மெக்கானிக் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு ரிலேயைக் கழற்றி, இந்த நடுராத்திரி விழிப்பை நிறுத்திவிடுவார். மறுநாள் காலை ஒழுகும் மூலை மட்டும் தனியாகத் தாழ்ந்து, தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த மாதிரி இடறவைக்கும் மறைவான நிபந்தனைக்கு இந்திய தர்க்கவாதிகள் ‘உபாதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது சரி. நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்பது சரியல்ல. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வர ஈர விறகு வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் நடுவில் நிற்கும் அந்த ஈர விறகுதான் உபாதி. சமமாக இறங்கிய காரில் ஈர விறகு, சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த ரிலே.

ஆனால் பழைய கார்களின் சஸ்பென்ஷன் கிளப்பும் பெரிய கேள்வி அனுமானத்தைப் பற்றியதல்ல. பிறர் வாக்கை எப்போது நம்பலாம் என்பதைப் பற்றியது.

கம்ப்யூட்டருக்குக் காரின் உயரம் நேரடியாகத் தெரியாது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு உயர உணரிகள் சேஸிஸில் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கை நீண்டு, கீழே சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் பாகத்தோடு பிணைந்திருக்கும். சக்கரம் ஏற, கை திரும்ப, உணரிக்குள் ஒரு சின்னத் தொடுமுனை கரித்தடத்தின் மேல் நகரும். ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழுக்குள் இருக்கும் அதே ஏற்பாடு. உள்ளே போகும் 5 வோல்ட்டில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைப் போட்டுக்கொள்கிறது. 0 முதல் 255 வரை. நாலு எண்கள். அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

எண் பொருந்தாமல் போனால் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். மோசமாகப் போனால் சஸ்பென்ஷனை இயக்குவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். வண்டி ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்து, மணிக்கு 35 மைலுக்கு மேல் போகாதே என்று கெஞ்சும். ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோட். முன் இடது உயர உணரி. உடனே எல்லோரும் செய்வது, முன் இடது உயர உணரியை வாங்கிப் போடுவது.

அந்தக் கோட் சொன்னது அதுவா? ‘இந்தக் கம்பியில் வந்த மின்னழுத்தம் எனக்கு ஏற்புடையதாக இல்லை’ என்று மட்டுமே அது சொன்னது. உணரி தேய்ந்திருக்கலாம். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கலாம். எர்த் கம்பி துருப்பிடித்திருக்கலாம். இணைப்புக் கை கழன்று தொங்கலாம். பேட்டரி சோர்ந்துபோய், எல்லா கம்ப்யூட்டர்களும் ஆளுக்கொரு புகாரைப் பதிந்துவைத்திருக்கலாம். இதில் எதுவும் இல்லாமல், முன்பு உணரி மாற்றிய யாரோ ஒருவர் சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே அளவுக்கட்டை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலையை அவசரத்தில் செய்திருக்கலாம். அப்படியானால் சாட்சி உண்மையைத்தான் சொல்கிறது. நீதிபதிக்குத்தான் அதன் பாஷை தப்பாகக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கருதுகோள் தனியாக நின்று தோற்பதில்லை, கூட்டமாகத்தான் தோற்கும். கூட்டத்தில் குற்றவாளி யார் என்று சோதனை சொல்லாது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் 1906-ல் வெளிவந்த தம் நூலில் எழுப்பிய வாதம் இது. அவர் பேசியது ஒளியியலையும் இயற்பியல் சோதனைகளையும் பற்றி. கார் ஷெட்டில் அது தினசரி நடப்பு.

‘கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு சார்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் அறியாமலே ஒரு பழைய வழக்கில் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரில பட்டர் முதலான மீமாம்சகர்களின் நிலைப்பாடு, அறிவு தானாகவே பிரமாணம் என்பது. மறுப்பு வரும்வரை அதை நம்ப வேண்டும்; பிழை வந்தால் அது வெளியிலிருந்து வந்த குறை. வாக்கில் பிழை எங்கிருந்து வருகிறது? சொன்னவரிடமிருந்து. அவருக்கு அறியாமை இருக்கும், ஆசை இருக்கும், ஏமாற்றும் எண்ணம் இருக்கும். வேதத்தைச் சொன்னவர் யாருமில்லை, அது எவராலும் இயற்றப்படாதது. ஆகவே சொன்னவரின் குறை அதில் ஏறவே வழியில்லை. கடவுளைக்கூட ஆசிரியராக ஏற்காமல் வேதத்தைக் காப்பாற்றிய துணிச்சலான வாதம்.

நியாயவாதிகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. வாக்கு என்றால் ஆள் உண்டு. அந்த ஆள் ஆப்தனா, அதாவது விஷயம் தெரிந்து உள்ளபடி சொல்கிறவனா என்று பார்க்க வேண்டும். ஓர் அறிவு சரியானது என்பதே, அதை நம்பிச் செயலில் இறங்கிப் பலன் கிடைக்கும்போதுதான் உறுதிப்படுகிறது. வேதத்தையும் அவர்கள் இதே வழியில்தான் நிறுவுகிறார்கள். ஆயுர்வேதம் சொன்ன மருந்து கேட்கிறது, மந்திரம் பலிக்கிறது. சோதிக்க முடிந்த இடத்தில் நம்பத்தக்கவர் சொன்ன சொல், சோதிக்க முடியாத இடத்திலும் நம்பத்தக்கது என்று நியாய சூத்திரம் வாதிடுகிறது. தமிழ்ச் சைவத்திலும் இந்த விசாரணைக்கு முன்வரிசை இடம் உண்டு. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியாரில், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் அளவைகளைப் பற்றிய பகுதியோடுதான் தொடங்குகிறது. பலவாக எண்ணப்பட்டவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது.

கோட் என்ற வாக்குக்கு ஆசிரியர் இல்லை என்ற மயக்கம்தான் இங்கே கோளாறு. திரையில் எண்ணும் எழுத்துமாக வருவதால், அதற்கு ஆசையும் இல்லை அலுப்பும் இல்லை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் எவ்வளவு மின்னழுத்தம் வரை ஏற்கலாம், எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எதற்குப் பிறகு வண்டியைக் கட்டைமேல் உட்கார வைக்கலாம் என்றெல்லாம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மேஜையில் உட்கார்ந்து சில பொறியாளர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது புது வண்டி. கனெக்டரில் பச்சை பூத்த, மூன்று கை மாறிய வண்டியைக் கண்டு எழுதிய விதிகள் அல்ல அவை. அபௌருஷேயம், அதாவது எவராலும் இயற்றப்படாதது என்று கும்பிடப்படுவது, பழைய அலுவலகக் குறிப்பு.

நல்ல மெக்கானிக் சந்தேகமின்றி நியாயவாதி. முதலில் டேப்பை எடுக்கிறார். தரையிலிருந்து அளக்க மாட்டார். டயரில் காற்றுக் குறைந்திருந்தால் அளவு பொய்யாகிவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளப்பார். ஸ்கேனர் ‘உயரம்’ என்கிற மூலை டேப்பில் தாழ்வாக இருந்தால் சாட்சி மாட்டிக்கொண்டது. பிறகு இணைப்புக் கையைக் கழற்றி, மீட்டரின் இரு முனைகளையும் வைத்து, கையை மெல்ல, மிக மெல்லத் திருப்புவார். இந்த வேலைக்குப் பழைய முள் மீட்டரே நல்லது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்குச் சில தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும். நடுவில் நடந்த தில்லுமுல்லு அதன் கண்ணில் படாமல் போய்விடும். முள் சீராக ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று விழுந்து மறுபடி எழும். ஏறக்குறைய எப்போதும் அந்த இடம் வண்டி சாதாரணமாக ஓடும் உயரமாகவே இருக்கும். வருஷக்கணக்காகத் தொடுமுனை அங்கேயே உரசி உரசிக் கரித்தடத்தைத் தேய்த்துவிட்டது. எந்த உயரத்தைப் பற்றி அதிகம் சாட்சி சொன்னதோ, அந்த உயரத்திலேயே சாட்சி குருடாகியிருக்கிறது. கைபடாத உச்சியிலும் அடியிலும் அது இன்னும் புத்தம் புதுசு. அதனால்தான் ஷெட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஒழுங்காக வேலை செய்து, ரோட்டில் போனதும் பழையபடி அழுகிறது.

இருபுறமும் ஒரே வகை உணரி இருக்கும் கார்களில் இன்னொரு வழி உண்டு. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுவது. புகார் உணரியோடு இடம் மாறினால் குற்றம் உணரியில். இருந்த இடத்திலேயே இருந்தால் வயரிங்கில். இருக்கும்போது இருப்பது, இல்லாதபோது இல்லாதிருப்பது என்று நம் மரபு சொன்னதும், 1843-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் தம் தர்க்க நூலில் வகுத்ததும் இதைத்தான்.

புது உணரி போட்டுவிட்டால் வழக்கு முடிந்தது என்றும் நினைக்க முடியாது. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் ஜாவா கடலில் விழுந்தது. விமானத்தின் மூக்கு எந்தக் கோணத்தில் காற்றைச் சந்திக்கிறது என்று சொல்லும் உணரி ஒன்று, கோளாறு காரணமாக அப்போதுதான் மாற்றப்பட்டிருந்தது. மாற்றிப் போட்டது சுமார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது. விமானத்தில் அத்தகைய உணரிகள் இரண்டு இருந்தும், மூக்கைக் கீழே அழுத்தும் மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றின் பேச்சை மட்டுமே கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானமும் விழுந்தது. இரண்டிலும் சேர்த்து 346 பேர். சாட்சியை மறுக்க இன்னொரு சாட்சி பக்கத்திலேயே இருந்தும் கூப்பிடப்படவில்லை. மறுப்பு வரும்வரை நம்பு என்ற கொள்கை, மறுப்பவருக்கு வாய் இருந்தால்தான் செல்லும்.

சரி, டேப்பை எதை வைத்துச் சரிபார்ப்பது? மீட்டரை? ஒவ்வொரு பிரமாணத்துக்கும் இன்னொன்று வேண்டுமென்றால் முடிவே இல்லையே என்று மீமாம்சகர் மடக்குவார், நியாயமான மடக்கு. நியாயவாதியான உதயணர் இதற்குச் சொல்லும் பதில் சந்தேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பது. சந்தேகிப்பவனின் நடத்தையோடு சந்தேகம் முட்டும் இடத்தில் அது நின்றுவிடும். பசியாற்றுமா என்று சோற்றைச் சந்தேகிப்பவனும் பசித்தால் சோற்றைத்தான் தேடுகிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அத்வைதியான ஸ்ரீஹர்ஷர், முட்டுகிறது என்பதே சந்தேகம் இருப்பதால்தானே என்று அதையும் திருப்பிப் போட்டார். வாதத்தில் அவர் கை ஓங்கியிருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் லிஃப்டில் ஏற்றிய வண்டியின் கீழ் நிற்கும் மெக்கானிக், உதயணரின் பக்கம்தான் நிற்க முடியும்.

இந்த வழக்கே வேண்டாம் என்று விலகியவர்களும் ஏராளம். காற்றுப்பை, கம்ப்ரஸர், உணரி எல்லாவற்றையும் கழற்றிக் கடாசிவிட்டுச் சாதாரண இரும்புச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கென்றே செட்டாக விற்கிறார்கள். கண்ணால் கண்டதைத் தவிர வேறு பிரமாணமில்லை என்ற சார்வாகரின் வழி. இனி கோட் இல்லை, சாட்சி இல்லை, நடுராத்திரி விழிப்பும் இல்லை. கனத்த டிரெய்லரைப் பின்னால் மாட்டினால் மட்டும் வண்டியின் வால் தாழும். அதைத் தூக்கிவிட இப்போது யாருமில்லை. முகப்பு விளக்கு மேலே பார்க்கிறது. எதிரே வருகிறவர் லைட்டை அணைத்து அணைத்துப் போடுகிறார். அதைப் பார்த்து, பின்பக்கம் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது போலும் என்று ஓட்டுகிறவர் ஊகித்துக்கொள்கிறார்; சார்வாகர் ஒத்துக்கொள்ள மறுத்த அதே அனுமானம்.